புது மிஸிக்கு ஒரு பழைய கை



தோட்டத்தில் புதிதாகப் பால்மரம் வெட்ட வருகிறவரை முதல் நாளே நல்ல மரத்தில் விடுவதில்லை. வெட்டித் தள்ளப்போகும் பழைய மரத்தில்தான் கையைப் பழக்கச் சொல்வார்கள். பக்கத்தில் பழைய வெட்டுக்காரர் ஒருவர் நின்றுகொண்டு, "ஆழமாப் போவாதே, மரத்துக்குக் காயம் பட்டுடும்" என்று சொல்லிக் கொடுப்பார். கத்தி பிடிக்கும் விதம், பட்டையின் கனம், மங்கு வைக்கும் இடம் எல்லாம் அப்படித்தான் கைக்கு வரும். காயம் பட்ட இடத்தில் மறுபட்டை ஒழுங்காக வளராது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மரத்துக்கே இவ்வளவு கவனம் என்றால், நோயாளிக்கு எவ்வளவு வேண்டும்? படிப்பை முடித்து ஆஸ்பத்திரி வார்டில் முதல் முறையாகக் கால் வைக்கும் தாதிக்கும் பக்கத்தில் ஒரு பழைய கை வேண்டும். நாடே நோயில் தவிக்கும் நேரத்தில் அது இரட்டிப்பாக வேண்டும். இந்த மாதம் அதைப் பற்றித்தான் பார்க்கப் போகிறோம். இது ஆஸ்பத்திரிக்காரர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் லயத்துப் பெண்பிள்ளைகள் தாதிப் படிப்புக்குப் போகிறார்கள். நமக்கு நோய் என்றால் அவர்கள் கையில்தான் போய்ப் படுக்கிறோம்.

2021இல் நடந்தது என்ன?

இன்று ஷா ஆலம் என்று பெரிய நகரமாக நிற்கும் இடம், ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்று பேர் பெற்ற தோட்டப்புறம். ரப்பரும் செம்பனையும் நின்ற அந்தப் பகுதியில் 2015ஆம் ஆண்டு ஷா ஆலம் மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. கிள்ளானில் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை, வடக்கே சுங்கை பூலோ மருத்துவமனை. நம் பகுதி மக்கள் நம்பியிருப்பது இவற்றைத்தான்.

கோவிட்-19 நோய் 2020 ஜனவரியில் நம் நாட்டுக்குள் வந்தது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அதே மாதத்தில் அரசாங்கம் 2,000 பேரை, முக்கியமாகத் தாதியரை, ஒப்பந்த அடிப்படையில் வேலைக்கு எடுக்கப் போவதாக அறிவித்தது. ஆள் தேவைப்பட்ட அதே நேரத்தில் கல்லூரிகள் மூடிக் கிடந்தன. வார்டில் நின்று பழக வேண்டிய நாட்களில் பல மாணவியர் வீட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்துப் படித்தார்கள். மூன்று வருட டிப்ளோமா படிப்பில் புத்தகம் பாதி, வார்டு பாதி. அந்த இரண்டாவது பாதியில்தான் ஓட்டை விழுந்தது.

2021 ஜூலையில் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் நோய் பரவியது. கிள்ளான் மருத்துவமனையின் அவசரப் பிரிவு நிரம்பி வழிந்தது. மற்ற மாநிலங்களிலிருந்து டாக்டர்களையும் தாதியரையும் இங்கே அனுப்பினார்கள். ஆகஸ்டு 26ஆம் தேதி ஒரே நாளில் நாடு முழுவதும் 24,599 பேருக்கு நோய் கண்டது. அப்படிப்பட்ட நாளில் ஒரு புது மிஸி வார்டுக்குள் வந்தால், அவளுக்குச் சொல்லிக் கொடுக்க யாருக்கு நேரம் இருக்கும்? பழைய மரமும் இல்லை, பக்கத்தில் ஆளும் இல்லை. முதல் நாளே முழு நிரையும் அவள் தலையில்.

படித்த பெண்ணுக்கு இன்னும் என்ன சொல்லிக் கொடுப்பது?

இப்படிக் கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் பெட்ரிஷியா பென்னர் என்ற தாதியியல் அறிஞர் 1984இல் இதை விளக்கி எழுதினார். தாதி ஒருவர் கற்றுக்குட்டி நிலையிலிருந்து கைதேர்ந்தவர் ஆகும்வரை ஐந்து படிகளைக் கடக்கிறார் என்றார். கீழ்ப்படியில் நிற்பவர் விதியைப் பார்த்து வேலை செய்வார். மேல்படியில் இருப்பவர் நோயாளியைப் பார்த்தே நிலைமையை உணர்ந்துகொள்வார். இடையில் உள்ள படிகளைப் படிப்பால் மட்டும் தாண்ட முடியாது. அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பே, 1974இல், மார்லீன் கிரேமர் என்பவர் புதுத் தாதியர் படும் அதிர்ச்சியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பள்ளியில் கற்றது ஒன்று, வார்டில் காண்பது வேறொன்று என்று திகைத்துப் போவதைத்தான் அவர் சொன்னார்.

நமக்குத் தெரிந்த காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். சிலாங்கூரில் டிங்கிக் காய்ச்சல் அறியாத வீடு கிடையாது. நான்காம் ஐந்தாம் நாளில் காய்ச்சல் இறங்கும். புது மிஸி அட்டையைப் பார்த்து, "சூடு குறைஞ்சிடுச்சு, நல்லா இருக்காரு" என்று நினைக்கக்கூடும். பழைய மிஸிக்கு அப்போதுதான் கவலை தொடங்கும். டிங்கியில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வருகிறது. வயிறு வலிக்கிறதா, ஓயாமல் வாந்தி வருகிறதா, ஆள் நிலைகொள்ளாமல் புரளுகிறாரா, சிறுநீர் குறைந்துவிட்டதா என்று அவர் பார்ப்பார். இது புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் முப்பது நோயாளிகளுக்கு நடுவே அது சரியான நேரத்தில் நினைவுக்கு வர வேண்டுமே!

கோவிட் நோயிலும் இப்படித்தான். நோயாளி உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். இரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு 88க்கு இறங்கியிருக்கும். பழகியவர் கருவியை மட்டும் பார்க்க மாட்டார். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவார். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார்.

பழைய கை என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, இன்ன புதியவருக்கு இன்ன மூத்தவர் என்று பேர் சொல்லி நியமிக்க வேண்டும். "யாரையாவது கேட்டுக்கோ" என்றால் யாரையும் கேட்க மாட்டாள். இருவருக்கும் ஒரே நேரத்தில் வேலை இருக்க வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு உடை. அணியும்போது காட்டும் கவனத்தைவிட கழற்றும்போது அதிகக் கவனம் வேண்டும். களைத்துப் போன நேரத்தில்தான் அசுத்தமான கை முகத்தில் படும். கையுறை, மேலங்கி, கண்காப்பு என்று வரிசையாகக் கழற்றி, இடையிடையே கையைச் சுத்தம் செய்து, முகக்கவரியைக் கடைசியில் அறைக்கு வெளியே வந்து எடுக்க வேண்டும். ஒருவர் கழற்ற, மற்றவர் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் ஷா ஆலம் ஐ.டி.சி.சி. தடுப்பூசி மையத்தில் வேலை செய்த 453 பேரைச் சோதித்தபோது 204 பேருக்குத் தொற்று இருந்தது தெரியவந்தது. அவர்களுக்கு நோய் எங்கே தொற்றியிருந்தாலும், பிறரைக் காக்கப் போகிறவர்களுக்கும் காவல் வேண்டும் என்பதே நமக்குப் பாடம்.

மூன்றாவது, மருந்து. சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான நேரம், சரியான வழி என்ற ஐந்தையும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இன்சுலின் போன்ற மருந்துகளை இரண்டு பேர் சேர்ந்து சரிபார்க்க வேண்டும்.

நான்காவது, டாக்டருக்குச் செய்தி சொல்லும் முறை. பயத்தில், "டாக்டர், 12ஆம் கட்டில் ஐயாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றால் மறுமுனையில் இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. இப்போது என்ன நடக்கிறது, நோயாளியின் முன்கதை என்ன, நான் கண்டது என்ன, எனக்கு என்ன வேண்டும் என்ற நான்கையும் வரிசையாகச் சொல்லப் பழக்க வேண்டும். "12ஆம் கட்டில், ஆக்ஸிஜன் 95இலிருந்து 88க்கு இறங்கிவிட்டது. நீரிழிவு உள்ளவர், வந்து மூன்று நாள் ஆகிறது. நிமிடத்துக்கு 32 மூச்சு வாங்குகிறார். உடனே வந்து பாருங்கள்." இவ்வளவு போதும்.

ஐந்தாவது, முதல் சாவு. தன் கையைப் பிடித்திருந்த நோயாளி இறந்துபோவதை முதன்முதலாகக் காணும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு யாராவது ஆறுதல் சொல்ல வேண்டும். கோவிட் காலத்தில் உறவினர் யாரும் அருகில் வர முடியவில்லை. கடைசி முகமாக இருந்தது தாதியின் முகம்தான். மூத்தவர் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா நடந்துச்சு, சொல்லு" என்று கேட்டாலே பாரம் பாதி குறையும். பத்துப் பேர் முன்னால் திட்டினால், அடுத்த தடவை தவறை மறைக்கப் பார்ப்பாள். மறைத்த தவறுதான் நோயாளியைக் கொல்லும்.

மூத்தவருக்கும் ஒரு நியாயம்

இங்கே தொழிற்சங்கத்தார் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தன் நிரையையும் முடித்து, பக்கத்து நிரையையும் பார்த்துக்கொள் என்று சொன்னால் எந்த வெட்டுக்காரரால் முடியும்? பழக்கிக் கொடுப்பது தனி வேலை. அதற்கென்று நேரம் ஒதுக்கி, மூத்த தாதியின் நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். நெருக்கடியில் அதற்கு வசதி இல்லை என்பார்கள். நெருக்கடி வருவதற்கு முன்பே பழக்கி வைத்திருக்க வேண்டும் என்பதே அதற்குப் பதில்.

நெருக்கடி நமக்குப் புதிதும் அல்ல. 1998-99இல் நிப்பா காய்ச்சல் வந்தபோது நம் நாட்டில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசு மருந்து அடித்தார்கள். அன்று இளம் தாதியராக நின்றவர்கள் கோவிட் வந்தபோது மூத்தவர்கள் ஆகியிருந்தார்கள். நோய் இன்னதென்று தெரியாத நேரத்திலும் கையைக் கழுவி, பதறாமல் நிற்பது எப்படி என்பதை அப்படிப்பட்டவர்களிடம்தான் கற்க முடியும். 2021 டிசம்பரில் கோவிட் அடங்கும் முன்பே ஷா ஆலம் ஸ்ரீ மூடா வட்டாரம் வெள்ளத்தில் மூழ்கியது. அடுத்தது எது, எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்?

நாம் என்ன செய்யலாம்?

மகள் தாதியாக இருக்கும் பெற்றோருக்கு: இரவு வேலை முடித்து வரும் பிள்ளையைப் பகலில் தூங்க விடுங்கள். அந்த நேரத்தில் வீட்டு வேலைக்கு எழுப்பாதீர்கள். சாப்பிட்டாளா என்று கேளுங்கள். முதல் மாதத்தில் அழுதுகொண்டு வந்தால், "வேலைய விட்டுட்டு வா" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். "உனக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கா?" என்று முதலில் கேளுங்கள். தூக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நோயாளிகளுக்கு: "எத்தனை தடவைதான் பேரைக் கேட்பே?" என்று மிஸியிடம் கோபப்படாதீர்கள். மருந்து ஆள் மாறிப் போகாமல் இருக்கத்தான் கேட்கிறாள். ஒவ்வாத மருந்து எது, வீட்டில் என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். அவள் மூத்தவரைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்டால், "இவளுக்கு ஒண்ணும் தெரியலை" என்று முகம் சுளிக்காதீர்கள். தெரியாததைக் கேட்கிற தாதியின் கையில்தான் உங்கள் உயிர் பத்திரமாக இருக்கும்.

புதுத் தாதியருக்கு: தெரியலைன்னு சொல்றதுல வெட்கமே இல்லை, மகளே. பழைய வெட்டுக்காரர் எல்லாரும் ஒரு நாள் புதுக் கையாகத்தான் பெரட்டுக்கு வந்து நின்றார்கள். இன்று நீ கற்றுக்கொள். நாளை உன் பக்கத்தில் இன்னொரு புது மிஸி பயந்துகொண்டு வந்து நிற்பாள். அவளைத் தனியாக விட்டுவிடாதே.