வேகம் என்னும் சொல்லும் சாய்ந்த கோடும்

ஹனூரை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே இவ்வூருக்குத் தமிழ் புதிதன்று. ஆயினும் நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் பயில்வது கன்னடத்தில். மாலையில் அருகமர்ந்து கணக்குப் பார்க்கும் பெற்றோர் பயின்றதோ தமிழில். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சிறு சொல் விளைக்கும் குழப்பத்தை இத்திங்கள் எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

தமிழ்ப் பாடநூலில் ‘வேகம்’ எனின் எவ்வளவு விரைவு என்பது மட்டுமே. திசையையும் சேர்த்துரைப்பது ‘திசைவேகம்’. கன்னட நூலிலோ விரைவு மட்டும் ‘ஜவ’. திசையோடு கூடியதே ‘வேக’. ஒலியால் ஒன்று, பொருளால் வேறு! பிள்ளை கழித்தல் குறியிட்டு விடை எழுதுகிறான். “வேகம் எங்கேனும் சுழிக்குக் கீழே போகுமா?” என்று தந்தையார் அதனை அழித்துவிடுகிறார். தத்தம் நூற்படி இருவரும் பிழை செய்தவரல்லர். மதிப்பெண் மட்டும் போய்விடுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் நேர்ந்த இவ்விடறல், பி.யூ.சி.யில் எறிபொருள் இயக்கம் பயிலுங்கால் பெரிதாகும். புளியங்காய்க்கு எறிந்த கல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அது மேல்நோக்கி நொடிக்கு 20 மீட்டரும், கிடையாக நொடிக்கு 10 மீட்டரும் கொண்டு புறப்பட்டதெனக் கொள்வோம். புவியீர்ப்பு நொடிதோறும் மேல்நோக்கிய திசைவேகத்தில் ஏறத்தாழ 10 மீட்டரைக் குறைக்கிறது. ஒரு நொடியில் 10. இரண்டாம் நொடியில் சுழி. மூன்றில் கழித்தல் 10. எறிந்த மட்டத்தை மீண்டும் எட்டும் நான்காம் நொடியில் கழித்தல் 20. இவற்றைத் தாளில் குறித்து இணைத்தால், வலப்புறம் சரிந்து காலக்கோட்டை வெட்டிக் கீழிறங்கும் ஒரே நேர்கோடு கிடைக்கும்.

பிள்ளைகள் பலர் இங்கே வில் போன்ற வளைவை வரைந்து வைக்கின்றனர். வளைவது கல் சென்ற பாதை. கோடு காட்டுவது திசைவேகம். உச்சியில் கல் ஒரு கணம் மேலேறாது நிற்பதால் ஈர்ப்பும் அங்கே ஓய்ந்ததென்று கருதுவோரும் உளர். ஓய்ந்திருப்பின் கோடு அவ்விடத்தில் கிடையாகப் படுத்திருக்கும் அன்றோ! அதன் சாய்வு எங்கும் மாறவில்லை. முதல் இரண்டு நொடிக்குரிய முக்கோணத்தின் பரப்பு 20. கல் ஏறிய உயரமும் 20 மீட்டரே. கிடைத் திசைவேகத்திற்கோ 10 என்ற மட்டத்தில் படுத்த கோடு. நான்கு நொடியில் கல் 40 மீட்டர் தள்ளி விழும். காற்றின் தடையை இக்கணக்கில் விட்டுவிட்டோம்.

1780-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூர்ப் போரில் மைசூர்ப் படையினர் ஏவிய இரும்புக்குழல் ராக்கெட்டுகளுக்கு இந்நேர்கோடு தொடக்கத்தில் பொருந்தாது. மருந்து எரியும் வரை அது உந்திக்கொண்டே இருக்கும். எரிந்து தீர்ந்த பின்னரே ராக்கெட்டும் நம் புளியமரத்துக் கல்லைப் போன்றது.

இன்னொன்று. கீழ்நோக்கிய திசையைக் கூட்டலாகக் கொண்டு பிள்ளை வரைந்திருப்பின் கோடு கழித்தல் 20-இல் தொடங்கி மேலேறும். அதுவும் சரியே. அழிப்பானைக் கையில் எடுக்குமுன், எத்திசையைக் கூட்டலாகக் கொண்டாய் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.