சிவப்புச் சட்டை சீசன் – 7: 239-க்கு 239

டப்ளினுக்குக் கூட்டிப்போகிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். போவோம். அதற்கு முன்னால் ஒரு கணக்கைச் சொல்லியாக வேண்டும். செவ்வாய் இரவிலிருந்து அது என்னை வேறெதையும் எழுதவிடவில்லை.

விட்ட இடம்: நெப்ராஸ்கா பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணி, 2021 சீசன், 12 ஆட்டம், 3 வெற்றி, 9 தோல்வி. கோச் ஸ்காட் ஃப்ராஸ்ட், 1997-இல் இதே அணிக்குக் குவார்ட்டர்பேக்காக ஆடிப் பட்டம் வென்ற உள்ளூர்ப் பிள்ளை. மற்றதெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும்.

அந்த 12 ஸ்கோர்களையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டினேன். எடுத்த புள்ளிகள் 335, கொடுத்தவை 272. ஒன்பது ஆட்டம் தோற்ற அணியின் கையில் 63 புள்ளி மிச்சம்! இந்த 63 ஒன்றும் என் கண்டுபிடிப்பில்லை, அந்த சீசனைப் பற்றிப் பேசுகிற யாரும் முதலில் சொல்வது இதைத்தான். ஜெயித்த மூன்றும் 45, 25, 49 புள்ளி வித்தியாசத்தில். தோற்ற ஒன்பதில் ஒன்றுகூட 9 புள்ளியைத் தாண்டவில்லை. ஜெயித்தால் வெள்ளம், தோற்றால் நூலிழை.

ஆனால் அந்த 63-இல் எனக்கு ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. ஃபோர்டாம் கீழ்ப்பிரிவு அணி, அதை 52-7 என்று அடித்ததைக் கணக்கில் சேர்ப்பது நியாயமா? பஃபலோவும் சின்ன கான்ஃபரன்ஸ் அணிதான். இரண்டையும் தூக்கினேன். வேறு கான்ஃபரன்ஸைச் சேர்ந்த ஓக்லஹோமாவையும் தூக்கினேன். மிஞ்சியவை நெப்ராஸ்காவின் சொந்த கான்ஃபரன்ஸான பிக் டென்னுக்குள் ஆடிய ஒன்பது ஆட்டங்கள். நீங்களும் ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள். இல்லினாய் 22-30. மிஷிகன் ஸ்டேட் 20-23. நார்த்வெஸ்டர்ன் 56-7. மிஷிகன் 29-32. மினசோட்டா 23-30. பர்டூ 23-28. ஒஹாயோ ஸ்டேட் 17-26. விஸ்கான்ஸின் 28-35. அயோவா 21-28.

இடது பக்கம் கூட்டினால் 239. வலது பக்கம் கூட்டினால் 239.

தப்பாகக் கூட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கீழிருந்து மேலே கூட்டினேன். வித்தியாசங்களை மட்டும் எடுத்துக் கூட்டினேன்: எட்டுத் தோல்விகளில் இழந்தது 49, ஒரே வெற்றியில் சேர்த்தது 49. ஒன்பது ஆட்டம், 36 கால்பகுதி, ஒரு ஓவர்டைம், ஒரு புள்ளிகூட ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. பட்டியலில் பதிவானதோ 1 வெற்றி, 8 தோல்வி.

பேஸ்பால் கணக்கர் பில் ஜேம்ஸின் பித்தகோரஸ் சூத்திரத்தை இரண்டாம் வாரத்தில் பார்த்தோம். எடுத்த புள்ளியையும் கொடுத்த புள்ளியையும் வைத்து, ஒரு அணி எத்தனை ஆட்டம் ஜெயித்திருக்க வேண்டும் என்று சொல்லும் சூத்திரம். அமெரிக்க ஃபுட்பாலுக்கு அதன் அடுக்கு எண்ணை 2.37 என்று வைப்பது வழக்கம். 335-ஐயும் 272-ஐயும் அதில் போட்டால், 12 ஆட்டத்தில் ஏழுக்குச் சற்று மேல் ஜெயித்திருக்க வேண்டும் என்கிறது. 239-க்கு 239 என்றால் சூத்திரமே தேவையில்லை, எந்த அடுக்கை வைத்தாலும் விடை சரிபாதி. ஒன்பதில் நாலரை.

எட்டுப் புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்கள் அந்த சீசனில் எட்டு. எட்டிலும் தோல்வி. நாணயத்தை எட்டு முறை சுண்டி எட்டு முறையும் பூ விழ, 256-இல் ஒரு வாய்ப்பு. கணிப்புக்காரர்கள் இதைப் பார்த்துத்தான் அடுத்த சீசனில் நெப்ராஸ்கா நிமிரும் என்றார்கள். நெருக்கமான ஆட்டங்களின் முடிவு நாளடைவில் பாதிக்குப் பாதி என்று சமனாகிவிடும் என்பது அவர்கள் வாதம். பெரும்பாலான அணிகளுக்கு அது உண்மையும்கூட.

ஆனால் நாணயத்துக்குப் பந்தை உதைக்கிற வேலை கிடையாது. இந்த வாரம் நான் முட்டி நிற்கிற இடம் அதுதான். செப்டம்பர் 25, மிஷிகன் ஸ்டேட் ஆட்டத்தைப் பாருங்கள். ஓவர்டைமுக்கு முந்தைய இரண்டாம் பாதி முழுக்க அந்த அணியை நெப்ராஸ்காவின் தடுப்பு வெறும் 14 கெஜத்தில் மடக்கிவைத்திருந்தது. 20-13 என்று முன்னிலை, கடிகாரத்தில் நான்கு நிமிடத்துக்கும் குறைவு. பந்தை எதிரணிக்கு நீளமாக உதைத்துக் கொடுக்கிற பன்ட் உதைக்கிறார்கள். திட்டப்படி பந்து வலது ஓரம் போக வேண்டும். அணி மொத்தமும் வலது பக்கம் ஓடுகிறது. பந்து இடது பக்கம் போகிறது. அங்கே ஜேடன் ரீட் தனியாக நிற்கிறார். 62 கெஜம் ஓடி டச் டவுன். பிறகு ஓவர்டைம், 23-20. தாக்கி ஆடுகிறவர்களும் தடுத்து ஆடுகிறவர்களும் ஜெயித்துக் கொடுத்த ஆட்டத்தை ஒரே ஒரு உதை கொண்டுபோனது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

அது தனிச் சம்பவம் என்றால் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடலாம். இல்லினாயிடம் பன்ட்டைப் பிடித்தபின் தடுமாறி, எதிரணிக்கு 2 புள்ளி தருகிற ஒரு சேஃப்டி, டச் டவுனுக்குப் பிந்தைய கூடுதல் உதை இரண்டும் வெளியே. ஓக்லஹோமாவிடம் அதே கூடுதல் உதை மறிக்கப்பட்டு, அவர்கள் பந்தோடு எதிர்முனைவரை ஓடி 2 புள்ளி எடுத்தார்கள். 1 சேர வேண்டிய இடத்தில் 2 போனது. கடைசி ஆட்டம் லிங்கனில், 1962-இலிருந்து ஒரு டிக்கெட்கூட மிஞ்சாத அந்த மைதானத்தில். மூன்றாவது கால்பகுதியில் அயோவாமீது 21-6 முன்னிலை. நான்காவதில் பன்ட் மறிக்கப்பட்டு டச் டவுனாகத் திரும்பியது. 21-28.

இதற்குப் பெயர் அதிர்ஷ்டமா? ஒரே கதவு நாலு முறை திறந்துகிடந்தால், திருடனுக்கு அதிர்ஷ்டம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 239-க்கு 239 என்ற கணக்கு அந்த அணி நல்ல அணி என்று சொல்கிறது, நான் அதை நம்புகிறேன். எந்தக் கதவு திறந்துகிடந்தது என்பதை அது சொல்லாது.

நவம்பர் 8-ஆம் தேதி ஃப்ராஸ்ட் நான்கு உதவி கோச்சுகளை அனுப்பினார். நான்கு பேரும் தாக்குதல் பிரிவு. சீசன் முடிந்தபின், உதைகளைக் கவனிக்கிற ஸ்பெஷல் டீம்ஸ் பொறுப்பு பில் புஷ்ஷிடம் போனது. அந்த மாற்றத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுவதாக இருந்தேன். பாதிக்குமேல் இடம் போய்விட்டது.

டப்ளினின் வாசலையாவது தொட்டுவிடுகிறேன். 2022 ஆகஸ்ட் 27. எதிரணி நார்த்வெஸ்டர்ன், போன சீசனில் 56-7 என்று வாரிக்கட்டிய அதே அணி. மூன்றாவது கால்பகுதியில் நெப்ராஸ்கா 28-17 என்று முன்னால் நிற்கிறது. பந்தை நீளமாக உதைத்துக் கொடுத்துவிட்டுத் தடுத்து ஆடினால் போதும். ஃப்ராஸ்டோ, பந்தைக் குட்டையாக உதைத்துத் தாங்களே திரும்பப் பிடிக்கப் பார்க்கிற ஆன்சைட் கிக் ஆடச் சொன்னார்.

பந்து யார் கைக்குப் போனது, 11 புள்ளி என்ன ஆனது என்பது அடுத்த வாரம்.