சிலிக்கோன் என்னும் பெயரும் கிப்பிங்கின் நாற்பதாண்டு ஆய்வும்

கேக் வார்க்கும் நெகிழ்வான அச்சு, கைகழுவும் தொட்டியின் ஓரத்தில் நீர் கசியாமல் பூசப்படும் பசை, குழந்தையின் பால்புட்டிக் காம்பு ஆகியவற்றின் பொருளைச் சிலிக்கோன் என்கிறோம். கணினியின் மின்சில்லுக்கு அடித்தளமாக அமைவதைச் சிலிக்கன் என்கிறோம். நம் நாளிதழ்களிலும் மாணவர்தம் குறிப்பேடுகளிலும் இவ்விரு சொற்களும் அடிக்கடி இடம் மாறிவிடுகின்றன. பின்னது மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் தனிமம். முன்னது அத்தனிமத்தின் அணுக்களை ஆக்சிஜன் அணுக்களோடு மாறி மாறித் தொடுத்து, பக்கங்களில் கரிமத் தொகுதிகளைப் பொருத்திய செயற்கைச் சேர்மம். சிலிக்கோன் என்னும் பெயர் எவ்வாறு பிறந்தது என்று ஆராயப் புகுந்தால், அது அப்பொருளின் கட்டமைப்புக்குச் சற்றும் பொருந்தாத பெயர் என்பது தெரியவரும். பெயரிட்டவருக்கும் அது தெரிந்தே இருந்தது.

அவர் ஃபிரெடரிக் ஸ்டான்லி கிப்பிங். 1863இல் மான்செஸ்டரில் பிறந்தவர். ஜெர்மனியின் மியூனிக் நகரில், புகழ்பெற்ற பேயரின் ஆய்வுக்கூடத்தில், இளைய வில்லியம் ஹென்றி பெர்க்கினின் வழிகாட்டலில் ஆய்வு செய்தார். இவ்விருவரும் இணைந்து எழுதிய கரிம வேதியியல் நூல் 1894இல் வெளிவந்து, பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக விளங்கிற்று. பெர்க்கின், கிப்பிங், மற்றொரு வேதியியலாளரான ஆர்தர் லாப்வொர்த் ஆகிய மூவரும் ஒரே குடும்பத்துச் சகோதரியர் மூவரை மணந்தவர்கள். நம் வழக்கில் சொன்னால் சகலைகள். 1897இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேராசிரியராக அமர்ந்த கிப்பிங், 1936 வரை அங்கேயே பணியாற்றினார்.

தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இருப்பது சிலிக்கன். இரண்டுக்கும் இணைதிறன் நான்கு. ஆகவே, கார்பன் கட்டும் மாளிகைகளையெல்லாம் சிலிக்கனும் கட்டுமோ என்னும் வினா எழுவது இயல்பே. கிப்பிங் அவ்வினாவை மிகக் குறுகிய ஒன்றாகக் கூர்மைப்படுத்திக்கொண்டார். ஒரு கார்பன் அணுவைச் சுற்றி நான்கு வெவ்வேறு தொகுதிகள் அமைந்தால், அம்மூலக்கூறு இடக்கை, வலக்கை போல இரு வடிவங்களில் தோன்றும். ஒன்று ஒளியின் தளத்தை இடப்புறமும் மற்றது வலப்புறமும் சுழற்றும். சிலிக்கனும் அவ்வாறு செய்யுமா? இதனைச் சோதிக்க, நான்கு தொகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சிலிக்கனில் பொருத்த வேண்டும். 1900இல் ஃபிரான்சின் கிரின்யார் அறிவித்த மக்னீசிய வினைப்பொருள் அதற்கு வழி திறந்தது. 1904 முதல் கிப்பிங் அதனைச் சிலிக்கனுக்குப் பயன்படுத்தினார். 1907இல் இடவலச் சிலிக்கன் சேர்மங்களைப் பிரித்துக் காட்டினார். வினாவுக்கு விடை ‘ஆம்’ என்று வந்தது.

கார்பனைப் போலவே சிலிக்கனும் நடந்துகொண்டது அவ்வொரு செய்தியில்தான். பெயர்க்கதை இங்கே தொடங்குகிறது. கார்பன் அணுவொன்றில் இரு ஃபீனைல் தொகுதிகளும் இரட்டைப் பிணைப்பில் ஓர் ஆக்சிஜனும் அமைந்தால் அது பென்சோஃபீனோன். 48 பாகையில் உருகும் எளிய கீட்டோன். கார்பனுக்குப் பதிலாகச் சிலிக்கனை வைத்தாலும் எழுத்தளவில் அதே வாய்பாடு கிடைக்கும். 1901இல் கிப்பிங் அதற்குக் கீட்டோனை ஒட்டிச் ‘சிலிக்கோன்’ என்று பெயர் சூட்டினார். கையிலிருந்த பொருளோ கீட்டோனைப் போல நடந்துகொள்ளவில்லை. அது தனி மூலக்கூறன்று, பல அலகுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட தொடர் என்பதைக் கிப்பிங் உணர்ந்திருந்தார். பெயர் வாய்பாட்டைக் குறித்ததே தவிர, கட்டமைப்பைக் குறிக்கவில்லை.

ஏன் இவ்வேறுபாடு? பிணைப்பாற்றலைக் கணக்கிட்டால் விளங்கும். கார்பன், ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பின் ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 360 கிலோஜூல். அத்தகைய இரண்டு சேர்ந்தால் 720. கீட்டோனிலுள்ள ஓர் இரட்டைப் பிணைப்போ ஏறத்தாழ 745. எனவே கார்பனுக்கு இரட்டைப் பிணைப்பே ஆதாயம். சிலிக்கன், ஆக்சிஜன் ஒற்றைப் பிணைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 450, இரண்டுக்கு 900. சிலிக்கன் அணு பெரியது. இரட்டைப் பிணைப்புக்கு வேண்டிய பக்கவாட்டு மேற்பொருந்தல் அதில் நலிவாகவே நிகழும். ஆதலால் இரட்டைப் பிணைப்பை விடுத்து, இரு ஒற்றைப் பிணைப்புகளை ஏற்பதே அதற்கு ஆதாயம். அவ்வாறு ஏற்கும்போது ஒவ்வோர் ஆக்சிஜனும் இரு சிலிக்கன்களுக்கிடையே பாலமாகிவிடுகிறது. இக்கணக்கை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டினால், கரியமில வாயு ஏன் வாயுவாகவும் மணல் ஏன் கல்லாகவும் இருக்கின்றன என்பதும் அதனாலேயே விளங்கிவிடும்.

கிப்பிங்கின் ஆய்வுக்கூடத்தில் இது நாள்தோறும் நடந்தது. இரு ஃபீனைலும் இரு குளோரினும் கொண்ட சிலிக்கன் சேர்மத்தை நீரோடு சேர்த்தால், குளோரின்கள் விலகி இரு ஹைட்ராக்சில் தொகுதிகள் அமரும். கார்பனில் இவ்வமைப்பு தனக்குள்ளேயே நீரை உதறிக் கீட்டோனாகிவிடும். சிலிக்கனிலோ அண்டை மூலக்கூறுகள் தமக்கிடையே நீரை உதறிக் கைகோத்துக்கொள்ளும். மூன்று, நான்கு அலகுகள் கொண்ட வளையங்கள் படிகமாயின. அவற்றைக் கிப்பிங் ஆராய்ந்து எழுதினார். எஞ்சியவை படிகமாகாத பிசின்கள். அவற்றைப் பசை என்று ஒதுக்கினார். அக்காலக் கரிம வேதியியலில் தூய்மை என்பது திட்டமான உருகுநிலை உடைய படிகம். பிசின் என்றால் தோல்வி.

1921இல் அதே குளோரின் சேர்மத்தைச் சோடியத்தோடு வினைபுரியச் செய்து, நான்கு சிலிக்கனும் எட்டு ஃபீனைலும் கொண்ட படிகங்களைப் பெற்றார். அவற்றுள் ஒன்று எளிதில் வினைபுரிந்தமையால், அதில் நிறைவுறாப் பிணைப்பு இருக்கலாம் என எண்ணினார். பிற்காலத்தில் அமெரிக்காவின் ஹென்றி கில்மன் அதனை ஆராய்ந்து, நான்கு சிலிக்கன்களின் வளையமே அது எனக் காட்டினார். இறுக்கி வளைக்கப்பட்ட வளையமாதலால்தான் அதற்கு அத்துணை வினைத்திறன்.

ஏறத்தாழ ஐம்பது கட்டுரைகளுக்குப் பின், 1936இல் அரச கழகத்தின் பேக்கரியன் சொற்பொழிவில் கிப்பிங் தம் துறையை மதிப்பிட்டார். இத்துறையில் அண்மையில் பெரிய முன்னேற்றம் ஏதும் விளையும் என்னும் நம்பிக்கை தமக்கில்லை என்பது அவர் முடிவு. நான்கே ஆண்டுகளில், 1940இல், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் யூஜின் ரோக்கோ, செம்பு கலந்த சிலிக்கனைச் சுமார் 300 பாகைக்குச் சூடேற்றி அதன்மேல் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தி, மூலப்பொருளை நேரடியாகவே தயாரித்தார். கார்னிங் கண்ணாடி நிறுவனத்தின் ஹைட், கிப்பிங்கின் கட்டுரைகளைப் படித்து அவ்வழியில் பிசின்கள் செய்துவந்தார். 1943இல் டவ் கார்னிங் நிறுவனம் உருவாயிற்று. உயரப் பறக்கும் போர்விமானங்களின் மின்பொறி அமைப்பை ஈரத்தினின்று காத்தது, கிப்பிங் ஒதுக்கிய பசையின் உறவுப்பொருளே. 1949இல் வேல்ஸில் மறைவதற்குள் இதனையெல்லாம் அவர் கண்டுவிட்டார்.

கையிலிருந்த புதையலைக் குப்பையில் எறிந்தவர் என்று இவரைப் பற்றிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இது நியாயமான தீர்ப்பென்று நாம் கருதவில்லை. நீண்ட தொடர் மூலக்கூறு என்னும் கருத்தை ஜெர்மனியின் ஷ்டவுடிங்கர் முன்வைத்ததே 1920இல். அது ஏற்கப்பட மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதற்கு முன்னர்ப் பிசினை அளக்கவோ வகைப்படுத்தவோ வழியில்லை. மேலும், கிப்பிங் தேடியது பொருளையன்று, சிலிக்கன் எங்கே கார்பனிலிருந்து பிரிகிறது என்னும் எல்லைக்கோட்டை. அக்கோட்டை அவர் துல்லியமாக வரைந்து வைத்தமையால்தான் ஹைட்டும் ரோக்கோவும் எங்கிருந்து தொடங்குவதென்று அறிந்தனர்.

கோடு வரைந்தபின் அது விதியாயிற்று. சிலிக்கனுக்கு நிலையான இரட்டைப் பிணைப்பே இயலாதென்று பாடநூல்கள் எழுதின. 1981இல் விஸ்கான்சினில் ராபர்ட் வெஸ்ட் குழுவினர் சிலிக்கன், சிலிக்கன் இரட்டைப் பிணைப்புடைய மஞ்சள் நிறச் சேர்மத்தைப் பிரித்தெடுத்தனர். நான்கு பருத்த மெசிட்டைல் தொகுதிகள் குடைபோலக் கவிந்து, அண்டை மூலக்கூறுகள் நெருங்காமல் தடுத்தன. அவ்வாண்டே டொராண்டோவில் ஏட்ரியன் புரூக், சிலிக்கன், கார்பன் இரட்டைப் பிணைப்பை அதே உத்தியால் காத்துக் காட்டினார். ஆற்றல் கணக்கு மாறவில்லை. கைகோக்க இடமில்லாமல் செய்யப்பட்டது, அவ்வளவே.

ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. 2014இல் ஜெர்மனியின் பான் நகரில், குரோமிய அணுவொன்றின் துணையோடு, அத்தகைய நிலையான சேர்மம் முதலில் கிடைத்தது. பின்னர் ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில், சிலிக்கனின் இருபுறமும் கார்பன் அமைந்த, கீட்டோனுக்கு முற்றிலும் நிகரான மூலக்கூறு பிரித்தெடுக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டுப் பெயர் உண்மையில் இதற்கே உரியது. ஆயினும் அப்பெயர் ஏற்கெனவே கேக் அச்சுக்கும் பால்புட்டிக் காம்புக்கும் போய்விட்டமையால், இதனை வேதியியலார் சிலனோன் என்று வேறு பெயரிட்டு வழங்குகின்றனர்.