மருந்தின் விலையும் மனித உயிரும்: 'கட்டாய உரிமம்' பற்றி ஒரு சிந்தனை



ஞாயிறு திருப்பலியின் இறுதியில் பங்குத்தந்தை அறிவிப்புகளை வாசிக்கிறார். திருமண அறிக்கை, அன்பியக் கூட்டம், மறைக்கல்வி வகுப்பு எல்லாம் முடிந்தபின், "நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத் தலைவர் புற்றுநோயால் துன்புறுகிறார். மாதாமாதம் மருந்து வாங்கப் பெருந்தொகை தேவைப்படுகிறது. கோவில் வாசலில் வைத்திருக்கும் பெட்டியில் உங்களால் இயன்றதைப் போடுங்கள்" என்கிறார். இப்படி ஓர் அறிவிப்பைக் கேட்காத பங்கு இன்று இல்லை எனலாம். நாமும் நூறோ ஐந்நூறோ போட்டுவிட்டு, அவருக்காக ஒரு செபமும் சொல்லிவிட்டு வீடு திரும்புகிறோம். அது நல்ல செயல்தான். ஆனால், அந்த மருந்துக்கு ஏன் அவ்வளவு விலை? அந்த விலையை வைத்தது யார்? இந்தக் கேள்வியை நாம் கேட்பதில்லை.

நல்ல சமாரியர் உவமையை நாம் அறிவோம். அடிபட்டுக் கிடந்தவரைச் சாவடிக்குக் கொண்டுபோய், சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார் அவர். அந்தப் பொறுப்பாளர் இரண்டு தெனாரியத்துக்குப் பதிலாக இரண்டாயிரம் கேட்டிருந்தால்? அந்த ஊரில் வேறு சாவடியும் இல்லாதிருந்தால்? சமாரியரின் மனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அடிபட்டவர் பிழைத்திருக்க மாட்டார். இரக்கம் முழுப் பயன் தர வேண்டுமானால் விலையில் நீதி இருக்க வேண்டும்.

காப்புரிமை என்றால் என்ன?

ஒரு நிறுவனம் புதிய மருந்தைக் கண்டுபிடிக்கும்போது, அரசு அதற்குக் காப்புரிமை வழங்குகிறது. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்கு அந்த மருந்தை வேறு யாரும் அனுமதியின்றித் தயாரிக்கவோ விற்கவோ முடியாது. ஆய்வுக்குச் செலவிட்ட பணத்தை நிறுவனம் திரும்பப் பெறவும், புதிய ஆய்வுகளில் ஈடுபடவும் இந்த ஏற்பாடு உதவுகிறது. இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் போட்டியே இல்லாத இடத்தில் விற்பவர் சொல்வதே விலை. சேலையோ செல்பேசியோ விலை அதிகம் என்றால் வாங்காமல் இருந்துவிடலாம். உயிர்காக்கும் மருந்தை அப்படி விட்டுவிட முடியுமா?

இந்தியா 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி கண்டது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்று அச்சட்டம் வரையறுத்தது. அதன் பலனாக நம் நாட்டு நிறுவனங்கள் அதே மருந்துகளை வேறு முறைகளில் மலிவாகத் தயாரித்தன. உலகின் ஏழை நாடுகள் இந்திய மருந்துகளை நம்பத் தொடங்கின. 2001ஆம் ஆண்டில், எய்ட்ஸ் நோய்க்கான மூன்று மருந்துகளின் கூட்டுச் சிகிச்சைக்கு மேலை நாடுகளில் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவானது. அதை 350 டாலருக்குத் தர 'சிப்லா' என்ற இந்திய நிறுவனம் முன்வந்தது. பின்னர், உலக வர்த்தக நிறுவனத்தின் 'டிரிப்ஸ்' ஒப்பந்தப்படி, 2005 முதல் இந்தியாவும் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வழங்க வேண்டியதாயிற்று.

கட்டாய உரிமம்

ஆனால் அதே ஒப்பந்தம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதுதான் கட்டாய உரிமம். காப்புரிமை பெற்றவர் சம்மதிக்காவிட்டாலும், அம்மருந்தைத் தயாரிக்க வேறொருவருக்கு அரசு அனுமதி அளிக்கலாம். இதைப் பறிமுதல் என்று எண்ணிவிடக் கூடாது. காப்புரிமை அதன் உரிமையாளரிடமே இருக்கும். அவரும் தொடர்ந்து விற்கலாம். புதிதாக அனுமதி பெற்றவர் தம் விற்பனையில் ஒரு பங்கை அவருக்கு உரிமைத்தொகையாகச் செலுத்தவும் வேண்டும். 2001 நவம்பரில் தோகாவில் கூடிய உலக வர்த்தக நிறுவனத்தின் அமைச்சர்கள், எந்தக் காரணங்களுக்காகக் கட்டாய உரிமம் வழங்கலாம் என்பதை அந்தந்த நாடே முடிவுசெய்யலாம் என்று அறிவித்தனர்.

இந்தியாவில் இக்கதவு மருந்துக்காக ஒரே ஒருமுறைதான் திறந்திருக்கிறது. முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்க்கும் கல்லீரல் புற்றுநோய்க்கும் தரப்படும் 'சோராஃபெனிப்' என்ற மருந்தை, ஜெர்மனியின் 'பேயர்' நிறுவனம் 'நெக்சவார்' என்ற பெயரில் விற்றது. ஒரு மாதத்துக்குரிய 120 மாத்திரைகளின் விலை ரூ.2,80,428. ஹைதராபாத்தைச் சேர்ந்த 'நாட்கோ' நிறுவனம் முதலில் பேயரிடம் அனுமதி கேட்டது. கிடைக்காததால் 2011இல் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது.

காப்புரிமை வழங்கி மூன்று ஆண்டுகள் கடந்தபின், மூன்று காரணங்களில் ஏதேனும் ஒன்று இருந்தால் கட்டாய உரிமம் தரலாம் என்கிறது சட்டத்தின் 84ஆம் பிரிவு. மக்களின் நியாயமான தேவை நிறைவேறாதிருப்பது, மக்களால் வாங்கக்கூடிய நியாயமான விலையில் பொருள் கிடைக்காதிருப்பது, அந்தக் கண்டுபிடிப்பு இந்தியாவில் நடைமுறைக்கு வராதிருப்பது ஆகியவையே அவை. இம்மூன்றும் இந்த வழக்கில் உண்மை எனக் கண்ட காப்புரிமைத் தலைமை அதிகாரி, 2012 மார்ச் 9ஆம் நாள் நாட்கோவுக்கு உரிமம் வழங்கினார். விலை மாதத்துக்கு ரூ.8,880க்கு மிகக் கூடாது, பேயருக்கு 6 விழுக்காடு உரிமைத்தொகை தர வேண்டும், ஆண்டுதோறும் வறிய நோயாளிகள் 600 பேருக்கேனும் மருந்தை இலவசமாக வழங்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். விலை ஏறக்குறைய 97 விழுக்காடு குறைந்தது.

பேயர் மேல்முறையீடு செய்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அப்போது இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம், 2013 மார்ச்சில் உரிமத்தை உறுதிசெய்து, உரிமைத்தொகையை மட்டும் 7 விழுக்காடாக உயர்த்தியது. 2014இல் மும்பை உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை.

இம்மருந்து புற்றுநோயை அடியோடு குணமாக்குவதில்லை, வாழ்நாளைச் சில மாதங்கள் நீட்டிக்கிறது, அவ்வளவுதான். 'சில மாதங்களுக்காகவா இத்தனை போராட்டம்?' என்று கேட்கலாம். மகளின் திருமணத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று காத்திருக்கும் தந்தையிடம் அந்தச் சில மாதங்களின் மதிப்பைக் கேட்டுப் பார்ப்போம்.

எதிர்வாதமும் சிந்திக்கத்தக்கது

'லாபம் குறைந்தால் நாளைய மருந்தை யார் கண்டுபிடிப்பார்கள்?' என்று நிறுவனங்கள் கேட்கின்றன. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆய்வுக்குப் பெரும் செலவு ஆவது உண்மையே. ஆனால் அரசுகளின் நிதியில், அதாவது மக்களின் வரிப்பணத்தில், நடைபெறும் ஆய்வுகளும் பல மருந்துகளுக்கு அடித்தளமாக இருக்கின்றன. மேலும், ரூ.2,80,000 கொடுக்க முடியாத ஏழை அந்த மருந்தை எப்படியும் வாங்கப் போவதில்லை. மலிவு விலையில் அவருக்கு மருந்து கிடைப்பதால் நிறுவனத்துக்குக் குறைவது சிறிதே, உரிமைத்தொகையும் வந்து சேர்கிறது. அதே வேளையில், கட்டாய உரிமம் எல்லாவற்றுக்கும் தீர்வாகிவிடாது. இதற்குப் பின் வேறு மருந்துகளுக்காக வந்த விண்ணப்பங்களை, சட்டத்தின் நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று கூறி காப்புரிமை அலுவலகம் ஏற்கவில்லை. மேலும் ரூ.8,880ம்கூட தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்குச் சுமைதான்.

திருஅவையின் குரல்

தனிச்சொத்துரிமையைத் திருஅவை மறுப்பதில்லை. ஆனால் எல்லாச் சொத்தின்மேலும் ஒரு 'சமூக அடமானம்' இருக்கிறது என்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1987ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் கற்பித்தார். அறிவும் தொழில்நுட்பமும்கூட சொத்துதான் என்று 1991இல் அவரே எடுத்துரைத்தார். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், 'உண்மையில் அன்பு' என்ற 2009ஆம் ஆண்டுச் சுற்றுமடலில், வளர்ந்த நாடுகள் அறிவுசார் சொத்துரிமையை, குறிப்பாக நலவாழ்வுத் துறையில், அளவு மீறி இறுக்கிப் பிடிப்பதைக் குறையாகச் சுட்டிக்காட்டினார். கோவிட் காலத்தில், 2021இல், தடுப்பூசிகளின் காப்புரிமையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கத் திருத்தந்தை பிரான்சிஸ் ஆதரவு தெரிவித்தார்.

நாம் என்ன செய்யலாம்?

'இதெல்லாம் பெரியவர்கள் விஷயம்' என்று ஒதுங்க வேண்டியதில்லை. இந்தியச் சட்டப்படி, காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் அதை எதிர்த்து யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். கொடிய காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்கள், ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர், 'பெடாகுவிலின்' என்ற காசநோய் மருந்தின் காப்புரிமை நீட்டிக்கப்படுவதை எதிர்த்து அப்படி மனு செய்தனர். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் அந்நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. நோயுற்றவர்களின் குரலுக்கும் சட்டத்தில் இடமுண்டு என்பதற்கு இது சான்று.

நம் அளவில், மருத்துவரிடம் மருந்தின் மூலப்பெயரைக் கேட்டு, அதே மருந்து மலிவாகக் கிடைக்குமா என்று விசாரிக்கலாம். அருகிலுள்ள மக்கள் மருந்தகம் எது என்பதை அன்பியக் கூட்டத்தில் பகிர்ந்துகொள்ளலாம். வாக்குக் கேட்டு வருபவர்களிடம் மருந்து விலையைப் பற்றியும் கேட்கலாம்.

அடுத்த ஞாயிறும் கோவில் வாசலில் அந்தப் பெட்டி இருக்கும். அதில் நம் காணிக்கையைத் தாராளமாகப் போடுவோம். அதோடு, அந்த மருந்தின் விலையை யார் வைத்தார்கள் என்ற கேள்வியையும் வீட்டுக்கு எடுத்துச் செல்வோம். நோயுற்றோரைத் தொட்டுக் குணமாக்கிய இயேசு, அவர்கள் சார்பில் கேள்வி கேட்கும் துணிவை நமக்குத் தருவாராக.