நகப்பூச்சுக்கு முன் ஒரு பார்வை

முகூர்த்த நாள்கள் நெருங்கும்போது பொதட்டூர்பேட்டையிலும் திருத்தணியிலும் உள்ள அழகு நிலையங்களில் மணப்பெண்ணின் கையை ஒருவர் அரைமணி நேரமாவது தம் கையில் வைத்திருப்பார். பழைய பூச்சை நீக்கி, நகத்தை வெட்டி, ராவிச் சீராக்கிய பிறகே புதுப்பூச்சு. ஒரு நோயாளியின் விரல்களை அவ்வளவு நேரம் பார்க்கும் வாய்ப்பு மருத்துவர்களாகிய எங்களுக்கு அமைவதில்லை. பூச்சில்லாத வெறும் நகத்தை நல்ல வெளிச்சத்தில் காண்பவரும் பெரும்பாலும் அவரே. நாங்கள் காணும்போது மருதாணியோ நெயில் பாலிஷோ அதனை மூடியிருக்கும்.

அவர் கண்ணில் படவேண்டியவற்றுள் முதன்மையானது, நகத்தின் வேரிலிருந்து நுனிவரை ஓடும் கருங்கோடு. நம்மைப் போன்ற மாநிறத்தவர், கருநிறத்தவர் பலருக்குப் பல விரல்களில் மெல்லிய பழுப்புக் கோடுகள் இயல்பாகவே உண்டு. கவலைக்குரிய கோடும் கவனிக்கப்படாமல் போவதற்கு இதுவே காரணம். ஒரே ஒரு நகத்தில், குறிப்பாகக் கைக்கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே போகும் கோடு வேறு வகை. அதன் அகலம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினாலும், நிறம் திட்டுத்திட்டாக இருந்தாலும், கருமை நகத்தைக் கடந்து அருகிலுள்ள தோலில் பரவினாலும் மெலனோமா என்னும் புற்றுநோயை நினைக்க வேண்டும். இது நம்மிடையே அரிய நோய்தான். ஆனால் கருந்தோலினருக்கு வரும்போது வெயில் படாத உள்ளங்காலிலும் நகத்தடியிலுமே பெரும்பாலும் வருகிறது. ஜமைக்கா நாட்டு இசைக்கலைஞர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது இந்நோயே. கால்பந்து ஆட்டத்தில் பட்ட காயம் என்றே அது முதலில் கருதப்பட்டது. 1981 மே மாதம், 36ஆம் வயதில் அவர் காலமானார்.

தறியில் விரல் நசுங்கி இரத்தம் கட்டினாலும் நகம் கறுக்கும். ஆனால் அக்கருமை நகம் வளர வளர நுனியை நோக்கி நகரும். வேர்ப்பக்கம் தெளிந்த நகம் தோன்றும். கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்வதால் இரண்டு மாதங்களில் வேறுபாடு புலப்பட்டுவிடும். கால் நகம் மெதுவாக வளர்வது. நூலுக்கு ஏற்றும் சாயத்தின் கறை மேற்பரப்பில் நிற்பது, சுரண்டினால் போகும். வேரைவிட்டு நகராமல் நிற்கும் கோட்டைத்தான் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தேவைப்பட்டால் அவர் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்.

அடுத்தது குழிந்த நகம். ஒரு சொட்டு நீர் விட்டால் வழியாமல் தங்கும் அளவுக்கு நகம் கரண்டிபோல் ஆகியிருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள் என்கிறது 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வு. அதிக உதிரப்போக்கு பொதுவான காரணம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ஓர் ஆணுக்கோ இரும்புச்சத்து குறைந்தால், மருந்துக்கடையில் சத்து மாத்திரை வாங்கி விழுங்குவதோடு நின்றுவிடக் கூடாது. குடலில் எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

விரல் நுனி தடித்து, நகம் கிளிமூக்குபோல் வளைவது நீண்டநாள் நுரையீரல் நோயையோ இதய நோயையோ காட்டலாம். இதனை வீட்டிலேயே சோதிக்க முடியும். இரு கைகளின் ஒத்த விரல்களை நகத்தோடு நகம் ஒட்டிப் பிடித்தால் நகவேரருகே சிறு சாய்சதுர இடைவெளி தெரிய வேண்டும். தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ராத் தம் இதயத்தில் தொற்று ஏற்பட்டபோது அந்த இடைவெளி மறைந்ததைத் தம் விரல்களிலேயே கண்டு 1976இல் எழுதினார். சில குடும்பங்களில் இவ்வளைவு பரம்பரையாகவும் வருவதுண்டு.

நகங்களின் குறுக்கே ஓடும் பள்ளம், சில வாரங்களுக்கு முன் வந்துபோன கடுங்காய்ச்சலின் தடமாக இருக்கலாம், வளர்ந்து போய்விடும். சிறு வெள்ளைப் புள்ளிகளைக் கண்டு சுண்ணாம்புச்சத்துக் குறைவென அஞ்சுவது நம்மிடையே பரவலான பழக்கம். அவை பெரும்பாலும் நகம் சிறிது இடிபட்டதன் விளைவே.

அழகுக்கலைஞர் நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. “அக்கா, இந்த ஒரு விரல்ல மட்டும் கோடு இருக்கே, எத்தனை நாளா இருக்கு? ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடுங்க” என்றால் போதும். (தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இப்பகுதியில் ‘அக்கா’ இரு மொழிக்கும் பொது.) அந்த நகத்துக்கு அன்று பூச்சு வேண்டாம். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் கொடுத்தால், ஒரு மாதம் கழித்து ஒப்பிட எங்களுக்குப் பேருதவி. வீட்டில் முதியோருக்கு நகம் வெட்டிவிடுவோருக்கும் இதுவே பொருந்தும். அவர்களுக்கு நீரிழிவு இருந்தால் கால் நகத்தை ஒட்ட வெட்டாதீர்கள். நகச்சுற்று வந்தால் காத்திராதீர்கள்.

மருத்துவமனைக்கு வரும்போது கை, கால் நகங்களின் பூச்சை நீக்கிவிட்டு வாருங்கள். அறுவை சிகிச்சைக்கு வருவோருக்கு இது இன்னும் முக்கியம். விரலில் பொருத்தும் ஆக்சிமீட்டர் நகத்தின் வழியே ஒளியைச் செலுத்தியே ஆக்சிஜனை அளக்கிறது. அடர்நிறப் பூச்சு அந்த அளவை மாற்றிக் காட்டக்கூடும்.