எரியும் கால், மரத்த கால்

“இரவெல்லாம் பாதம் எரிகிறது, ஆனால் செருப்பு நழுவினால் தெரிவதில்லை.” சர்க்கரை நோயுள்ள முதியவர்கள் பலர் கூறும் குறை இது. ஒரே காலில் எரிச்சலும் மரப்பும் எப்படிச் சேர்ந்திருக்க முடியும்?

கால் விரலின் உணர்ச்சியை முதுகுத் தண்டுக்குக் கொண்டு செல்லும் நரம்பிழை ஏறத்தாழ 1 மீட்டர் நீளமுள்ளது. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால், இழையும் அதற்கு உணவூட்டும் நுண் இரத்தக் குழாய்களும் பழுதடைகின்றன. மிக நீண்ட இழையே முதலில் நலிகிறது. ஆகவேதான் நோய் கால் விரல்களில் தொடங்கி மேலே ஏறுகிறது. அழிந்த இழை செய்தி அனுப்பாது, அது மரப்பு. பழுதுபட்ட இழையோ தூண்டுதல் இல்லாமலே செய்தி அனுப்பும். மூளை அதை எரிச்சல் என்று உணர்கிறது.

இதை அறிய மருத்துவர் பயன்படுத்தும் கருவிகள் இரண்டும் இயற்பியல் மாணவருக்குப் பழக்கமானவையே. ஒன்று, வினாடிக்கு 128 அதிர்வுகள் கொண்ட இசைக்கவை. அதைக் கால் பெருவிரல் எலும்பின்மேல் வைப்பார்கள். மற்றொன்று நைலான் இழை. 10 கிராம் எடைக்குச் சமமான விசையில் அது வளைந்துவிடும். மேலும் அழுத்தினால் வளைவு கூடுமேயன்றி விசை அவ்வளவாக ஏறாது. அந்தத் தொடுதலை உணராத பாதம் புண்படும் அபாயத்தில் இருக்கிறது.

சாதாரண வலி மாத்திரைகள் இவ்வலிக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. சில சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரிகாபலின், கபாபென்டின், டுலாக்ஸிடின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றை மருத்துவர் தருவார். முதல் இரண்டும் சிறுநீரகம் வழியே வெளியேறுபவை. முதுமையில் சிறுநீரகத்தின் வேகம் குறைவதால் மருந்து உடலில் தேங்கித் தலைசுற்றலும் தூக்க மயக்கமும் வரலாம். இரவில் எழுந்து நடக்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், வலியைவிடப் பெருந்துன்பம். எனவே சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். திடீரென்று நிறுத்தவும் கூடாது. மெட்ஃபார்மின் நெடுநாள் உண்பவருக்கு வைட்டமின் பி12 குறைந்தும் நரம்பு கெடலாம். அதையும் சோதிப்பது நல்லது.

மிளகாயின் காரப்பொருளான காப்சைசினும் ஒரு மருந்தே! சூட்டை உணரும் நரம்பு முனைகளை அது முதலில் தூண்டிப் பின்னர் ஓயச் செய்கிறது. அதன் வாங்கியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசு பெற்றார். இதற்காக மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள். அளவறிந்து செய்த களிம்பே மருந்து.

வலிக்கு ஒத்தடம் என்று வெந்நீரில் கால் வைப்பதுதான் பெரிய ஆபத்து. மரத்த கால் வெந்துபோவதை அறியாது. வெறுங்காலுடன் நடத்தலும் கூடாது. தினமும் பாதத்தின் அடிப்புறத்தைப் பாருங்கள். குனிய முடியாத பாட்டிக்குப் பேரன் பார்த்துச் சொல்லட்டும். நரம்பு சொல்லாததைக் கண்தான் சொல்ல வேண்டும்.