வளரச் சொல்லும் புரதம்: தொழுநோயும் இண்டர்லூக்கின்-2உம்

மாமல்லபுரம் கடற்கரையிலிருந்து உள்நாட்டுப் பக்கமாகச் சென்றால் செங்கற்பட்டை ஒட்டியுள்ள திருமணி என்னும் சிற்றூரை அடையலாம். மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் அமைந்துள்ளது. 1924இல் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோயர் இல்லமாகத் தோன்றிய அது, 1955இல் நடுவணரசின் பொறுப்பில் வந்து இன்றைய பெயரைப் பெற்றது. தொழுநோய் மருத்துவ வரலாற்றில் பெரும்பெயர் பெற்ற இராபர்ட் காக்ரேன் பணியாற்றிய இடமும் இதுவே. டாப்சோன் என்னும் சல்போன் மருந்தைத் தொழுநோய்க்கு முதன்முதலில் கையாண்டவர்களுள் அவரும் ஒருவர்.

அரபு மருத்துவ நூல்கள் 'ஜுதாம்' என்று குறிக்கும் இந்நோயை நம் முன்னோர் நன்கறிவர். உமய்யாக் கலீஃபா அல்-வலீத் பின் அப்துல் மலிக் (ஆட்சி 705–715) தொழுநோயர் தெருவில் கையேந்தாதிருக்க உதவித்தொகை அளித்ததை வரலாற்று நூல்கள் போற்றுகின்றன. ஆனால் நோயின் காரணம் 1873 வரை புலப்படவில்லை. அவ்வாண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் நுண்ணோக்கியில் அதன் கிருமியைக் கண்டார். பரம்பரைச் சாபம் என்றும் கெட்ட இரத்தம் என்றும் நம் ஊர்களில் வழங்கிய பேச்சு அதன் பின்னும் ஓய்ந்தபாடில்லை.

கிருமி தெரிந்த பின்னும் ஒரு புதிர் எஞ்சியது. இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. ஒருமுறை இரண்டாகப் பிரிய ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொள்வது. அதனை எதிர்கொள்ளும் மனிதருள் பெரும்பாலோர்க்கு நோயே வருவதில்லை. வருவோரிடத்தும் அது இரு துருவங்களாகப் பிரிந்து நிற்கிறது. ஒருவருக்கு உணர்ச்சியற்ற ஒன்றிரண்டு தேமல்கள் மட்டுமே தோன்றும். அவற்றில் கிருமியைத் தேடிக் காண்பதே அரிது. மற்றொருவருக்கு முகமும் காதும் தடித்து, தோலின் ஒவ்வொரு துணுக்கிலும் கிருமிகள் கோடிக்கணக்கில் மொய்த்துக் கிடக்கும். முன்னதை டியூபர்குலாய்டு வகை என்றும் பின்னதை லெப்ரோமேட்டஸ் வகை என்றும் மருத்துவர் வழங்குவர். இரண்டிலும் கிருமி ஒன்றே. வேறுபடுவது அதனை எதிர்கொள்ளும் உடல்.

பின்னவரின் உடல் பொதுவாக நலிந்ததன்று. காசநோய்க் கிருமியின் புரதத்தை அவர் தோலில் செலுத்தினால் பலருக்குத் தடிப்பு எழும். தொழுநோய்க் கிருமியிலிருந்து ஆக்கிய லெப்ரோமினைச் செலுத்தினால் ஒன்றும் நிகழாது. மற்றப் பகைவரைக் கண்டு எழும் படை இந்த ஒரு பகைவனிடம் மட்டும் வாளாவிருக்கிறது. இதற்கு விடை தேடியவர்களின் பார்வை 1980களில் இண்டர்லூக்கின்-2 என்னும் புரதத்தின்மீது திரும்பியது.

அப்புரதம் கண்டறியப்பட்ட கதை சுவையானது. 1976இல் அமெரிக்காவில் டோரிஸ் மார்கன், பிரான்சிஸ் ரஸ்செட்டி, இராபர்ட் கேலோ ஆகியோர் எலும்பு மஜ்ஜையிலிருந்து வேறு வகை அணுக்களை வளர்க்க முயன்றுகொண்டிருந்தனர். அவர்கள் எதிர்பாராத வகையில் டி அணுக்கள் செழித்துப் பெருகின. உடலுக்கு வெளியே சில நாட்களுக்குமேல் தங்காத அவ்வணுக்கள், ஒரு திரவத்தின் துணையால் மாதக்கணக்கில் வாழ்ந்தன. அத்திரவத்திலிருந்த பொருளுக்கு 'டி அணு வளர்ச்சிக் காரணி' என்று பெயரிட்டனர். 1979இல் அது இண்டர்லூக்கின்-2 ஆயிற்று. 1983இல் ஜப்பானியர் தனிகுச்சியின் குழு அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. 133 அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு புரதம் அது. குருதியில் சில நிமிடங்களே நிலைத்திருக்கும்.

அது செயற்படும் முறையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். நம் உடலில் உள்ள டி அணுக்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறிப்பிட்ட அடையாளத்தை மட்டுமே அறியும். ஆகவே எந்த ஒரு கிருமியையும் இனங்காண வல்லவை மிகச் சிலவே. கிருமியை விழுங்கிய அணு அதன் துணுக்கைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டுகிறது. அதற்குப் பொருத்தமான டி அணு அதனை அடையாளம் காண்கிறது. ஆனால் அடையாளம் கண்டதனாலேயே அது பெருகத் தொடங்கிவிடுவதில்லை. துணைச் சைகையொன்றும் கிட்டிய பின்னரே அதன் கருவில் இண்டர்லூக்கின்-2 மரபணு விழித்தெழுகிறது. அணு அப்புரதத்தைச் சுரக்கிறது. அதே வேளையில் அதனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பியையும் தன்மீது நிறுத்துகிறது. அந்த ஏற்பிக்கு மூன்று பகுதிகள் உண்டு. பீட்டா, காமா என்னும் இரண்டும் ஓரளவே பற்ற வல்லவை. தூண்டப்பட்ட அணுவில் ஆல்பா என்னும் மூன்றாவதும் வந்து சேரும்போது பிடிப்பு நூறு மடங்கு வலுக்கிறது. தான் விடுத்த செய்தியைத் தானே பெற்றுக்கொள்ளும் விந்தை இது. அருகிலுள்ள அணுக்களும் அச்செய்தியைப் பெறும்.

செய்தி வந்ததும் ஏற்பியின் உட்புறத்தில் ஜாக்-1, ஜாக்-3 என்னும் இரு நொதிகள் செயற்படத் தொடங்குகின்றன. அவை ஸ்டாட்-5 என்னும் புரதத்தை முடுக்க, அது இணை இணையாகக் கருவினுள் புகுந்து, அணு மடியாதிருப்பதற்கும் பிரிவதற்கும் வேண்டிய மரபணுக்களை இயக்குகிறது. சிலவாக இருந்த அணுக்கள் சில நாட்களில் ஆயிரக்கணக்கில் பெருகுகின்றன. காமா இண்டர்பெரானைச் சுரந்து, கிருமியை விழுங்கிவிட்டுக் கொல்லமாட்டாமல் நிற்கும் பெருவிழுங்கணுக்களுக்கு வலுவூட்டுகின்றன.

ஏற்பியின் காமாப் பகுதி இதற்கு மட்டும் உரியதன்று. தைமஸ் சுரப்பியில் டி அணுக்களை உருவாக்கி வளர்க்கும் இண்டர்லூக்கின்-7உம் அதனையே பயன்படுத்துகிறது. அம்மரபணு பழுதுற்றுப் பிறக்கும் ஆண் குழந்தைகளிடம் டி அணுக்களே உருவாவதில்லை என்பது 1993இல் தெளிவாயிற்று.

மீண்டும் தொழுநோய்க்கு வருவோம். 1983இல் எத்தியோப்பிய ஆய்வாளர் அபெபே ஹரெகவொயின், டோரே கோடால், பின்னாளில் குவைத்தில் பேராசிரியராக விளங்கிய அபூ சலீம் முஸ்தஃபா முதலியோர் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். லெப்ரோமேட்டஸ் நோயரின் டி அணுக்களோடு கிருமியின் புரதத்தை மட்டும் சேர்த்தபோது அவை அசையவில்லை. வளர்ச்சிக் காரணி அடங்கிய திரவத்தையும் சேர்த்தபோது பெருகின. அப்படியானால் இனங்காணும் அணுக்கள் அழிந்துவிடவில்லை; வளரச் சொல்லும் செய்திதான் கிட்டவில்லை. எல்லா நோயரிடத்தும் இது பலிக்கவில்லை என்று பிற ஆய்வுகள் காட்டின என்பதையும் கூறிவிடவேண்டும். எனினும் வழி திறந்துவிட்டது. 1989இல் கில்லா கப்லான் குழுவினர் நோயரின் தோல் தடிப்புகளில் சிறிதளவு இண்டர்லூக்கின்-2ஐ ஊசிமூலம் செலுத்தினர். அவ்விடத்தில் டி அணுக்கள் வந்து குவிந்தன, கிருமிகள் குறைந்தன.

உறங்கும் அணுக்களை நோய்க்கு முன்பே எழுப்பிவிட முடியுமா என்பது அடுத்த வினா. தென்னிந்தியாவில் 1991இல் தொடங்கி 1,71,400 பேரிடம் நடந்த தடுப்பூசிச் சோதனையின் முடிவு 1998இல் வெளிவந்தது. பி.சி.ஜி. மட்டும் 34 விழுக்காடு காத்தது. அதனோடு கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியையும் சேர்த்தபோது காப்பு 64 விழுக்காடாயிற்று.

அப்படியானால் இப்புரதத்தை வேண்டுமளவு கொடுத்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் தயங்க வேண்டியிருக்கிறது. தொழுநோயில் கையும் காலும் முடங்குவதற்குக் கிருமியைவிடப் பெருங்காரணம், நரம்பினுள் ஒளிந்த கிருமிமீது உடல் தொடுக்கும் போரே. எதிர்ப்பாற்றல் திடீரென எழுச்சியுறும்போது தேமல்கள் சிவந்து வீங்கும். முழங்கை நரம்பு தடித்து வலிக்கும். சில நாட்களில் விரல்கள் மடங்கிப்போகலாம். முதல்வகை எதிர்வினை எனப்படும் இது, மருந்துண்ணும் காலத்திலும் அதன் பின்னும் நேரக்கூடியது.

இண்டர்லூக்கின்-2 எழுச்சியை மட்டும் வளர்ப்பதுமன்று. 1991இல் அப்புரதமே இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினர். அவை எதிர்ப்பாற்றலின்றி மடியும் என்று எண்ணியிருக்க, எதிர்ப்பாற்றல் மிகுந்து தம் குடலையே தாக்கிக்கொண்டன. டி அணுக்களில் அடக்கியாளும் ஒரு பிரிவு உண்டு என்றும், அது ஆல்பா ஏற்பியை நிலையாகத் தாங்கி இப்புரதத்தை நம்பியே வாழ்கிறது என்றும் பின்னர் விளங்கியது. அப்பிரிவை 1995இல் இனங்காட்டிய ஷிமோன் சககுச்சி, மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருடன் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆகவேதான் இப்புரதம் தொழுநோய்க்கு மருந்தாகவில்லை. கிருமியைக் கொல்ல 1982முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் ரிபாம்பிசின், டாப்சோன், குளோபாசிமின் என்னும் கூட்டு மருந்தே போதுமானதாயிற்று. நரம்பு வீங்கி வருவோர்க்கு மருத்துவர் கொடுப்பது பிரட்னிசலோன். அது செய்யும் பணிகளுள் ஒன்று, டி அணுக்களில் இண்டர்லூக்கின்-2 சுரப்பதைக் குறைப்பது. ஆய்வுக்கூடத்தில் ஊட்டிப் பார்த்த அதே செய்தியை மருத்துவமனையில் அடக்க வேண்டியுள்ளது. 2023இல் இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டோர் ஒரு இலட்சத்திற்கும் மேல். உலகத் தொகையில் பாதிக்கும் மிகுதி. அவர்களுள் நரம்பின் வலுக்குறைவு தோன்றி ஆறு மாதத்திற்குள் வருவோர்க்கு இம்மருந்தால் கைவலு திரும்பும் வாய்ப்பு மிகுதி. அதன் பின் வருவோர்க்கு அவ்வாய்ப்புக் குறைந்துகொண்டே போகிறது.